ஹக்ஸ்லியின் போத்தல்களும் நமது தீவும்

மனிதனின் பரம்பரை அலகுகளைத் தேடிப் பிடித்து வெட்டித் திருத்தும் வித்தை விஞ்ஞானிகளின் கைக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதன் நன்மை தீமைகளைப் பற்றிப் பேச்செழும் இடமெல்லாம், அது வகுப்பறையாயினும் பத்திரிகையாயினும், ஒரு நாவலின் பெயர் தவறாது அடிபடுகின்றது. ஆங்கில எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லி 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்ட்' என்பதே அந்நாவல். படித்தவரும் படியாதவரும் ஒருங்கே அதனை எடுத்துக்காட்டுகின்றனர். விஞ்ஞானம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஹக்ஸ்லி அன்றே கண்டு சொல்லிவிட்டார் என்ற ஒரு வாக்கியத்துடன் விவாதம் முடிந்துவிடுகின்றது.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் நடத்திய கருத்தரங்கொன்றிலே நாமும் அமர்ந்திருந்தோம். பேசிய ஐவருள் நால்வர் ஹக்ஸ்லியைச் சாட்சிக்கு அழைத்தனர். ஐந்தாவதாக எழுந்த மாணவி, தம் தம்பி தலசீமியா நோயாளி என்றும், மாதந்தோறும் குருதியேற்ற வைத்தியசாலைக்குப் போய்வருபவன் என்றும் கூறிவிட்டு, "அந்த நாவலிலே என் தம்பிக்கு எந்தப் போத்தல்?" என்று கேட்டார். ஒருவரும் விடையிறுக்கவில்லை. நமக்கும் அப்போது விடை தோன்றவில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்குக் கடன்பட்டது.

சாட்சியை முதலில் விசாரிப்போம். நாவலின் தொடக்கம் இலண்டன் மாநகரிலுள்ள ஒரு கருவளர்ப்பு நிலையத்தில் நிகழ்கின்றது. அங்கே தாயுமில்லை, தந்தையுமில்லை. கருக்கள் போத்தல்களில் இடப்பட்டு, நகரும் பட்டியின் மீது மெல்ல ஊர்ந்து சென்று, உரிய நாளில் வெளியே எடுக்கப்படுகின்றன. அல்பா, பீற்றா, காமா, டெல்ற்றா, எப்சிலன் என ஐந்து சாதிகள். ஆளப் பிறந்தோர் அல்பாக்கள். அழுக்கைச் சுமக்கப் பிறந்தோர் எப்சிலன்கள். கீழ்ச்சாதிக்குரிய ஒரு கருமுட்டையைப் பல மொட்டுகளாகப் பிரியச் செய்து, ஓர் அச்சில் வார்த்தாற்போல 96 பேர் வரை ஆக்கிக்கொள்கின்றனர். ஹென்றி போர்ட்டின் மோட்டார்த் தொழிற்சாலையிலே பிறந்த தொடர் உற்பத்தி முறை கருப்பையையும் கைப்பற்றிவிட்டது என்பதே ஆசிரியரின் அங்கதம். அவ்வுலகின் ஆண்டுக் கணக்கும் போர்ட்டின் பெயராலேயே வழங்குகின்றது. அங்கதம் கூர்மையானது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். இந்நாவலிலே பரம்பரை அலகுகளை எவரும் திருத்துவதில்லை. உயர்ந்த கருமுட்டை, உயர்ந்த விந்து என்ற தெரிவு உண்டு; திருத்தம் இல்லை. இருக்கவும் இயலாது. டீ.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை வட்சனும் கிரிக்கும் வெளியிட்டது 1953-ல். அப்படியாயின் எப்சிலன் எவ்வாறு எப்சிலன் ஆகின்றான்? அவனது போத்தலுக்கு ஒட்சிசனைக் குறைத்துக் கொடுக்கின்றனர். சாதி தாழத் தாழ ஒட்சிசனும் குறையும். முதலிற் கெடுவது மூளை; அடுத்தது எலும்பு. காமாக் கருக்களுக்கு ஊட்டும் செயற்கைக் குருதியில் மதுசாரம் கலக்கப்படுவதாகவும் ஒரு குறிப்பு வருகின்றது. பிறந்த பின்னர், உறங்கும் குழந்தையின் காதருகே ஓதி ஓதி, அவரவர் நிலையே அவரவர்க்கு உகந்ததென்று நம்பச் செய்கின்றனர்.

பட்டினி, நஞ்சு, போதனை. கருவளர்ப்பு நிலையத்தின் கருவிகளைக் களைந்துவிட்டுப் பார்த்தால் எஞ்சுபவை இம்மூன்றுமே. இவற்றை ஆளும் வர்க்கங்கள் ஆய்வுகூடம் ஏதுமின்றியே நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளன. தாயின் வயிற்றிலே ஊட்டம் மறுக்கப்பட்ட பிள்ளை உயரத்திற் குன்றும், படிப்பிலும் பின்தங்கக்கூடும். இலங்கையில் 2016-ல் நடைபெற்ற குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற வளர்த்தியின்றிக் குன்றியோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தை மட்டும் தனியே எடுத்தால் நூற்றுக்கு 32 பேர். கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளையைக் குன்றச் செய்வதற்கு எந்தப் போத்தலும் தேவைப்படவில்லை. குறைந்த கூலியும் லயன் அறையும் போதுமாயிருந்தன.

ஆகவே, எதிர்காலத்தின் கொடுங்கனவு என்று போற்றப்படும் நூல் உண்மையில் நிகழ்காலத்தின் படமே. இதனை ஹக்ஸ்லியின் வெற்றியென்றே கொள்ளலாம், அவர் அதனை அவ்வாறு கண்டிருந்தால். அவர் கண் வேறிடத்தில் இருக்கின்றது. நாவலைப் படித்து முடித்தபின் நினைவில் நிற்கும் எப்சிலன் ஒருவனே: லிப்ற் இயக்குபவன். லிப்ற் மேல்மாடியை அடைந்து கதவு திறந்ததும் பிற்பகல் வெயிலைக் கண்டு அவன் பரவசமடைகின்றான். மறுகணமே மணி ஒலிக்கின்றது. கீழே போகுமாறு கட்டளை. அவன் மீண்டும் அவ்விருட்குழியினுள் இறங்கிவிடுகின்றான். நூல் முழுவதிலும் நம் நெஞ்சைத் தொடும் இடம் இதுவே. ஆனால் ஆசிரியர் அவனைக் குரங்கையொத்த சிற்றுருவாக வருணித்துவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றார். துயருறும் உரிமை அல்பாக்களுக்கே அளிக்கப்படுகின்றது. பேர்னாட் மார்க்ஸ் என்பவனது மனக்குறையும், ஹெல்ம்ஹோல்ட்ஸ் வட்சன் என்பவனது கவிதைத் தாகமும் பல பக்கங்களை நிறைக்கின்றன. (மார்க்ஸ், லெனினா, ட்ரொட்ஸ்கி என்றெல்லாம் பாத்திரங்களுக்குப் பெயர் சூட்டி நகைப்பது 1932-ல் சுவையாக இருந்திருக்கலாம்.)

நூலின் இறுதிப் பகுதியில் உலக ஆட்சியாளருள் ஒருவரான முஸ்தபா மொண்ட், சைப்பிரஸ் தீவிலே நடந்த ஒரு பரிசோதனையை விளக்குகின்றார். 22,000 அல்பாக்களை மட்டும் அங்கே குடியேற்றினர். இழிந்த வேலையைச் செய்ய எவரும் உடன்படவில்லை. ஆறாண்டுகளுக்குள் உள்நாட்டுப் போர் மூண்டு 19,000 பேர் மாண்டனர். ஆதலால் எப்சிலன்கள் இன்றேல் சமுதாயம் இல்லை என்பது அவர் வாதம். இவ்வாதத்தை நாவலில் எவரும் மறுப்பதில்லை. அவரோடு எதிர்த்து வாதாடும் ஜோன் கடவுளைக் கேட்கின்றான், கவிதையைக் கேட்கின்றான், துன்புறும் உரிமையைக் கேட்கின்றான். வேலையை ஏன் பகிர்ந்து செய்யலாகாது என்று மட்டும் கேட்பதில்லை. இறுதியில் தன்னைத்தானே சவுக்கால் அடித்துக்கொண்டு, தூக்கிட்டு மாள்கின்றான். மயக்க மாத்திரை அல்லது சவுக்கு என்ற இரண்டே வழிகளைத் தந்தமை தம் நாவலின் குறையென்று 1946-ல் எழுதிய முன்னுரையில் ஹக்ஸ்லியே ஒப்புக்கொண்டார். அந்நேர்மையை நாம் மதிக்கின்றோம். ஆனால் கருத்தரங்குகளில் எடுத்துக்காட்டப்படுவது நாவலே, முன்னுரையன்று.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பையும் நோக்குதல் முறை. ஹக்ஸ்லியின் போத்தல்கள் அவரது சொந்தக் கற்பனையல்ல. 1923-ல் ஜே.பி.எஸ். ஹோல்டேன் கேம்பிரிட்ஜில் வாசித்துப் பின்னர் 'டீடலஸ்' என்ற பெயரில் நூலாக்கிய கட்டுரையிலேயே, கருப்பைக்கு வெளியே கருவளர்க்கும் காலம் வருமென்று எழுதியிருந்தார். முதற்குழந்தைக்கு அவர் குறித்த ஆண்டு 1951. இளமையின் துணிச்சலும் விஞ்ஞானத்தின் மீது எல்லையற்ற நம்பிக்கையும் அந்நூலிற் பொங்கி வழிகின்றன. பேட்ரண்ட் ரசல் மறு ஆண்டே 'இக்காரஸ்' என்ற சிறுநூலால் விடை கூறினார். விஞ்ஞானம் மனிதரை மகிழ்விப்பதற்கன்றி, அதிகாரத்திலிருப்போரின் அதிகாரத்தைப் பெருக்குவதற்கே பயன்படும் என்பது ரசலின் அச்சம். ஹோல்டேன் பின்னாளில் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தவர். 1957-ல் இந்தியாவிற் குடியேறி, அந்நாட்டுப் பிரசையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் மறைந்தவர். நம்மவர் என்று உரிமை பாராட்டத்தக்கவர். ஆயினும் அந்த விவாதத்தில் வரலாறு ரசலின் பக்கமே நின்றது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

நம்மவர் இழைத்த தவறுகளை நாமே கூறாவிடின் பிறர் கூறுவர். அதுவும் வேண்டுமென்றே திரித்துக் கூறுவர். அமெரிக்கப் பிறப்புரிமையியலாளர் முல்லர் 1932-ல் நியூயோர்க்கிற் கூடிய இனமேம்பாட்டியல் மாநாட்டிலே எழுந்து நின்று, வர்க்க சமுதாயத்தில் எவனது தாழ்வுக்குப் பரம்பரை காரணம், எவனது தாழ்வுக்கு வறுமை காரணம் என்று பிரித்தறியவே முடியாது என முழங்கினார். அதே முல்லர் நான்காண்டுகள் கழித்துச் சோவியத் நாட்டில் இருந்தபோது ஸ்டாலினுக்கு ஒரு கடிதம் எழுதினார். வர்க்கம் ஒழிந்த நாட்டில் மேன்மக்களின் விந்தைக் கொண்டு செயற்கை முறையிற் கருத்தரிக்கச் செய்து மக்களின் தரத்தை உயர்த்தலாம் என்பது அதன் சாரம். 1935-ல் வெளிவந்த அவரது நூலிலே அத்தகைய மேன்மக்களின் பட்டியலொன்று உண்டு: லெனின், நியூற்றன், பீத்தோவன், புஷ்கின், சன் யாட் சென், மார்க்ஸ்... தந்தையரைத் தேடும் பட்டியலாதலால் அதிற் பெண் பெயர் இராமை இயல்பே. ஆனால் பெண் அங்கே வெறும் விளைநிலமாகின்றாள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எந்த அலகில் லெனின் இருக்கின்றார் என்பதையும் அவர் கூறவில்லை. தலைவரின் அரசியலைத் தலைவரின் விந்திலே தேடுவது எத்தகைய பொருள்முதல்வாதம்?

ஸ்டாலின் அத்திட்டத்தை விரும்பவில்லை. அதற்கு மாறாக, பரம்பரை அலகு என்பதே முதலாளித்துவப் புரட்டு என்று கூறிய லைசென்கோவுக்கு இடங்கொடுக்கப்பட்டது. வவிலோவ் போன்ற பெரும் விஞ்ஞானி 1943-ல் சிறையில் மாண்டார். மிதமான இடதுசாரிகளின் கதையும் இதைவிடத் தூய்மையானதன்று. சமூக சனநாயகக் கட்சியினர் நெடுங்காலம் ஆண்ட சுவீடனில் 1934-ல் இயற்றப்பட்டு 1970களின் நடுப்பகுதிவரை நடைமுறையிலிருந்த கருத்தடைச் சட்டங்களின் கீழ்ச் சுமார் 63,000 பேர் கருத்தடை செய்யப்பட்டனர். பெரும்பாலோர் பெண்கள், அவர்களுட் பலர் வற்புறுத்தப்பட்டோர். நாசிகள் மட்டுமே செய்த கொடுமையென்று நாம் மாணவருக்குப் போதிக்கும் பாடத்தைத் திருத்த வேண்டியிருக்கின்றது.

இனி, ஹக்ஸ்லியிடம் மீள்வோம். தம் நாவலின் முன்னறிவிப்புகள் எவ்வளவு விரைவில் மெய்யாகி வருகின்றன என்று காட்ட 1958-ல் அவர் வேறொரு நூலை எழுதினார். 'பிரேவ் நியூ வேர்ல்ட் ரிவிசிற்றெட்' என்பது அதன் பெயர். நாவலைப் போல அது அதிகம் படிக்கப்படுவதில்லை. அதில் மக்கள்தொகையின் தரத்தைப் பற்றிய அத்தியாயத்தில் ஓர் உவமானம் வருகின்றது. வெப்பமண்டலத் தீவொன்றுக்குப் போகின்றோம், டீ.டீ.ரீ. மருந்தைத் தெளித்து மலேரியாவை ஒழிக்கின்றோம். இரண்டு மூன்று ஆண்டுகளில் இலட்சக்கணக்கான உயிர்களைக் காக்கின்றோம். இது நல்லதுதான். ஆனால் அவ்வாறு காக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் பெறும் பிள்ளைகளுக்கும் உணவும் உடையும் கல்வியும் அளிக்க அத்தீவின் வளம் போதாதே என்று அவர் கவல்கின்றார். மலேரியாவால் விரைந்து சாவதற்குப் பதில் பட்டினியால் மெல்லச் சாவார்கள் என்பது அவர் கணிப்பு. அடுத்து அவர் கேட்பது இன்னும் கடுமையான வினா: குறையுடன் பிறந்து, மருத்துவத்தின் தயவால் உயிர் பிழைத்து, தம் குறையைப் பெருக்கும் மனிதப் பிறவிகளை என்செய்வது?

ஹக்ஸ்லி அவ்விடத்திலே தீவின் பெயரைக் குறிப்பிடவில்லை. பெயர் வேண்டிய அவசியம் நமக்கில்லை. 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் மாண்டோர் சுமார் 80,000 பேர் என்பர். குருநாகல், கேகாலை மாவட்டங்களிலே அழிவு மிகுதி. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றது அப்போதுதான். இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் மக்களிடையே வேர்கொண்டதும் அப்பணியினூடாகவே. 1946-ல் டீ.டீ.ரீ. தெளிக்கத் தொடங்கிய ஆண்டில் ஆயிரத்துக்கு 20 ஆயிருந்த இறப்பு வீதம் மறு ஆண்டில் 14 ஆகக் குறைந்தது. அந்த வீழ்ச்சி முழுவதும் டீ.டீ.ரீ.யால் மட்டும் வந்ததன்று. உணவு நிலையும் வைத்தியசாலைகளும் திருந்தியதும் காரணம் என்று ஆய்ந்தோர் கூறுவர். 2016 செப்டெம்பரில் இத்தீவு மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1946-ல் 66 இலட்சமாயிருந்த மக்கள்தொகை 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டியது. அந்த மிகுதிப் பேருள் இக்கட்டுரையை எழுதுவோரும் அடங்குவர். படிப்போரிற் பெரும்பாலாரும் அடங்குவர். ஹக்ஸ்லியின் கணக்கிலே நாம் வராது போயிருக்க வேண்டியவர்கள்.

தோட்டப்புறப் பிள்ளைகளைப் பற்றி மேலே கூறிய நாம், இத்தீவில் எல்லாம் நலமே என்று சாதிக்க முன்வரவில்லை. ஆனால் பசியும் குன்றலும் எங்கே எஞ்சியுள்ளன என்று பாருங்கள். உயிர் பிழைத்தோர் பெருகிய இடத்திலன்று. கூலி குறைந்த இடத்தில். மருத்துவத்தின் மேல் ஹக்ஸ்லி சுமத்திய பழி உண்மையில் எவருடைய கணக்கேட்டில் எழுதப்படவேண்டியதென்பது அந்த 17-க்கும் 32-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலே தெரிகின்றது.

இத்தீவின் மலேரியாவைப் பற்றிக் கூறிய பின்பே அம்மாணவியின் தம்பியிடம் வர இயலும். தலசீமியா என்பது ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரை அலகில் ஏற்பட்ட விகாரத்தால் விளைவது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் விகாரமுற்ற அலகைப் பெற்ற பிள்ளைக்குக் குருதி ஊறாது. மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை பிறர் குருதியை ஏற்ற வேண்டும். ஏற்றிய குருதியிலுள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்ற வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ பெரிதாக ஒன்றும் நேர்வதில்லை. இத்துணைக் கேடு பயக்கும் அலகு மத்தியதரைக் கடலோரத்திலும் தென்னாசியாவிலும் ஏன் அழிந்தொழியாது நிலைத்தது? 1949-ல் ஹோல்டேன் இதற்கொரு விடையை முன்வைத்தார். ஒற்றை அலகைத் தாங்கியோரை மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. அதனாலேயே அவ்வலகு தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது என்பது அவர் ஊகம். 1954-ல் அலிசன், அரிவாட்கல நோய் விடயத்தில் இத்தகைய காப்பு உண்டென்பதை ஆபிரிக்காவிற் கண்டு காட்டினார்.

இதன் பொருளை நாம் ஆழ்ந்து உணர்தல் வேண்டும். இன்று 'குறை' என்று பட்டியலிடப்படும் அந்த அலகு, நுளம்பு மொய்த்த கிராமங்களிலே வைத்தியரில்லாது வாழ்ந்த மக்களை உயிரோடு காத்த கேடயமாக இருந்திருக்கின்றது. அம்மக்களின் பேரப்பிள்ளைகளுட் சிலர் அதன் விலையைச் செலுத்துகின்றனர். நோய் மாறியது, வாழ்நிலை மாறியது. அலகின் மதிப்பும் தலைகீழாயிற்று. நல்ல அலகு, கெட்ட அலகு என்ற தீர்ப்பை இயற்கை எழுதி வைக்கவில்லை. அதனை வாழ்நிலை எழுதுகின்றது. அவ்வாழ்நிலையை வகுப்போரின் கையும் அதில் உண்டு. 1958-ல் ஹக்ஸ்லி 'குறையுடன் பிறந்தோர்' என்று எழுதியபோது, அவரது தீவின் மலேரியாவும் அவரது 'குறை'யும் ஒரே வரலாற்றின் இரு முகங்களாயிருக்கக்கூடும் என்பதை ஹோல்டேன் எழுதி ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்றைய நிலைக்கு வருவோம். கிரிஸ்பர் எனப்படும் வெட்டுக் கருவியை 2012-ல் அறிமுகஞ்செய்த ஜெனிபர் டவுட்னா, இமானுவெல் ஷார்பொந்தியே ஆகிய இரு பெண்மணிகளுக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கருவியைக் கொண்டு தலசீமியாவையும் அரிவாட்கல நோயையும் தீர்க்கும் 'காஸ்ஜெவி' என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா முதன்முதலாக அனுமதி வழங்கியது. நோயாளியின் குருதி பிறப்பிக்கும் கலங்களை வெளியே எடுத்து, ஓரிடத்தில் வெட்டி, கருப்பருவத்தோடு ஓய்ந்துபோன ஈமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்து, உடலுக்குள் திருப்பி ஏற்றுகின்றனர். அத்திருத்தம் நோயாளியோடு முடிவது. அவர் பெறும் பிள்ளைக்குச் செல்வதன்று. இச்சிகிச்சையை ஹக்ஸ்லியின் பெயரால் எதிர்ப்பவர் ஒருமுறை குருதியேற்றும் விடுதிக்குச் சென்று வரட்டும். சிகிச்சைக்கு ஐக்கிய அமெரிக்காவிலே குறிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டொலர்.

இதன் மறுகோடியில் நிற்பவர் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குயி. 2018 நவம்பரில், கருமுளையத்திலேயே அலகைத் திருத்திப் பெண் இரட்டைக் குழந்தைகளைப் பிறப்பித்ததாக அறிவித்து உலகையே திடுக்கிடச் செய்தவர். எச்.ஐ.வி. தொற்றாதபடி சீ.சீ.ஆர்.5 என்னும் அலகைச் செயலிழக்கச் செய்ய முயன்றாராம். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தபோதிலும், விந்தைக் கழுவித் தூய்மைசெய்யும் எளிய முறையாலேயே பிள்ளைக்குத் தொற்றாமற் காத்திருக்கலாம். வெட்டும் ஒழுங்காக அமையவில்லை. கலத்துக்குக் கலம் வேறுபட்டது. மேலும், அவ்வலகு அற்றோருக்கு மேற்கு நைல் காய்ச்சல் கடுமையாகத் தாக்கும் என்பது முன்னரே அறியப்பட்ட செய்தி. ஒரு கேடயத்தைக் கொடுப்பதற்கு மற்றொன்றைப் பறித்தார். கேட்கப்பட வேண்டியவர்களோ அப்போது பிறந்திருக்கவில்லை. 2019 டிசம்பரில் ஷென்சென் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறையும் 30 இலட்சம் யுவான் தண்டமும் விதித்தது. இதுபோன்ற திருத்தம் சந்ததிக்கெல்லாம் செல்லுமாதலால் இதனை நாம் வன்மையாக மறுக்கின்றோம். கடவுளின் தொழிலில் மனிதன் தலையிட்டான் என்பதன்று நமது குற்றச்சாட்டு. பெரியம்மை ஒழிந்த உலகில் அவ்வாதத்துக்கு மதிப்பில்லை.

ஹக்ஸ்லியிலும் பார்க்க இவ்விடயத்தை ஆழமாகத் தொட்ட நாவல் ஒன்று உண்டென்பது நமது கருத்து. யப்பானிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' 2005-ல் வெளிவந்தது. பிறருக்கு உறுப்புக் கொடுப்பதற்கென்றே படியெடுத்து வளர்க்கப்படும் பிள்ளைகளின் கதை அது; அவர்களுள் ஒருத்தியே கதை சொல்கின்றாள். அவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை, ஏன் கிளர்ந்தெழவில்லை என்று கேட்டு, இதனைச் சரணாகதி இலக்கியம் எனத் தள்ளுவோர் நம்மிடையே உண்டு. அந்த அவசரத்தில் நமக்கு உடன்பாடில்லை. எப்சிலனின் வாயால் ஒரு நாவல் முழுவதையும் சொல்ல வைத்தது சிறிய சாதனையன்று.

அந்நாவலின் இறுதியில் ஒரு செய்தி சொல்லப்படுகின்றது. வாசகர் பலர் அதனைக் கவனியாது கடந்துவிடுகின்றனர். அப்பிள்ளைகளை ஓரளவு மனிதத்தன்மையோடு வளர்த்த பள்ளி ஏன் மூடப்பட்டது? ஸ்கொத்லாந்தின் மூலையொன்றில் மோர்னிங்டேல் என்ற விஞ்ஞானி, அறிவிலும் ஆற்றலிலும் மிகுந்த பிள்ளைகளை ஆக்கித் தர முயன்றது வெளிப்பட்டுவிட்டது. தம்மை மிஞ்சும் ஒரு தலைமுறை வந்துவிடுமோ என்று சமுதாயம் நடுங்கிற்று, உதவிகள் நின்றன, பள்ளி மூடப்பட்டது. உறுப்புக்காகப் பிள்ளைகளை வளர்ப்பதும் அறுப்பதும் மட்டும் முன்போலவே தொடர்ந்தன. தமக்கு மேலே ஒருவன் வந்துவிடுவான் என்ற அச்சம் அம்மக்களை உறங்கவிடவில்லை. தமக்குக் கீழே ஒருவன் அறுக்கப்படுவது அவர்கள் உறக்கத்தைக் கெடுக்கவில்லை. இன்று மேனாட்டுப் பத்திரிகைகளில் 'வடிவமைக்கப்பட்ட குழந்தை' பற்றி வெளிவரும் ஒழுக்கவியற் கட்டுரைகளிற் பெரும்பாலானவை இந்த முதல் அச்சத்தினின்றும் எழுந்தவையே. செல்வர் வீட்டுப் பிள்ளை செயற்கையாக உயர்ந்துவிடும் என்று கவல்வோர், அதே பிள்ளை இயற்கையாகவே பெற்றுள்ள பாலையும் புத்தகத்தையும் தனிப்பாட வகுப்பையும் பற்றிக் கவல்வதில்லை.

மாணவியின் வினாவுக்கு இப்போது விடை தேடலாம். அந்நாவலில் அவர் தம்பிக்குப் போத்தலே இல்லை. அவன் வெளியே வர அனுமதிக்கப்பட்டிருக்க மாட்டான். அவனை இன்று உயிரோடு வைத்திருப்பது குருநாகலிலுள்ள தேசிய தலசீமியா நிலையம் போன்ற அரச வைத்தியசாலைகளின் இலவச சிகிச்சையும், முகமறியாதோர் கொடுத்த குருதியும். 2022-ல் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி மருந்துகள் தட்டுப்பட்டபோது இத்தகைய குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்பதை ஆசிரியர்கள் தம் வகுப்பறைகளிலேயே கண்டிருப்பர். 22 இலட்சம் டொலரைப் பற்றி அவர்களிடம் பேசுவதற்கு நமக்கு நாக்கூசுகின்றது. காப்புரிமையைத் தளர்த்துமாறும், வறிய நாடுகளின் வைத்தியசாலைகளே இச்சிகிச்சையைச் செய்யத்தக்க மலிவான முறைகளை ஆராயப் பொதுப்பணத்தை ஒதுக்குமாறும் கோருவது எழுத்தாளரின் வேலையன்று என்று கூறுவோருக்கு, எயிட்ஸ் மருந்தின் விலையை வீழ்த்தியது தென்னாபிரிக்க நோயாளிகளும் அவர்களோடு வீதிக்கிறங்கிய மக்களும் நடத்திய இயக்கமே என்பதை நினைவூட்டுவோம்.

அலகைத் திருத்தும் சிகிச்சை எட்டாத நிலையில், தலசீமியா அலகைத் தாங்கிய இருவர் மணஞ்செய்து கொள்ளாதிருக்குமாறு அறிவுறுத்தும் பிரசாரம் நம் நாட்டில் நடைபெற்று வருகின்றது. பள்ளி மாணவரும் இளைஞரும் குருதியைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு ஊக்குவிக்கப்படுகின்றனர். இதனை நாம் ஆதரிக்கின்றோம், வேறு வழியில்லை. ஆயினும் சாதகமும் சாதியும் சீதனமும் பார்த்துப் பெண்கொள்ளும் ஊரிலே குருதிச் சீட்டு இன்னொரு பொருத்தமாகிவிடும் ஆபத்தை மறைத்தலாகாது. அலகைத் தாங்கியவருக்கு ஒரு நோயுமில்லை. அலகற்றவரை மணந்தால் பிள்ளைக்கும் அந்நோய் வாராது. இவ்விரண்டையும் விளங்கிக்கொள்ளாத மாமியார் முன்னிலையில், தாங்கிய ஆணுக்குச் சிறிது தயக்கமே மிஞ்சும். தாங்கிய பெண்ணுக்கு வீட்டுத்திண்ணை மிஞ்சும்.

அன்றைய கருத்தரங்கு முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் அம்மாணவியை அணுகி, தம்பியின் நலம் விசாரித்தார். பின்னர் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, நீர் சோதித்துப் பார்த்தனீரோ?" என்று கேட்டார். அவர் விடை சொல்லாது புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.